பொன்னுருக்கில் வெட்டுப்பட்ட கால் டொலர்

தம்பி, இதை உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். அப்படி நினைத்துத்தான் எழுதத் தொடங்கினேன். பக்கத்து வீட்டுக்காரருக்கே இன்னும் என் முழுப் பெயர் தெரியாது. அப்படிப்பட்ட உன் அம்மா நான், மாமா, மாமி, மொன்றியல் சித்தப்பா, லண்டன் பெரியம்மா என்று எல்லோரும் இருக்கிற குடும்ப வட்ஸ்அப் குழுவில் இவ்வளவு நீளமாக ஒன்றைப் போடுவேன் என்று நீயும் எதிர்பார்த்திருக்கமாட்டாய். ஆனால் உன் பொன்னுருக்கன்று நான் செய்ததை எல்லோருக்கும் முன்னால் செய்தேன். அதற்குப் பிறகு சொன்ன பொய்யையும் எல்லோருக்கும் முன்னால் சொன்னேன். அந்த வீடியோ இன்னும் இதே குழுவில்தான் கிடக்கிறது, அதன் கீழே வரிசையாக இதயங்களும் கும்பிடும் கைகளும். தவறைச் சபையில் செய்துவிட்டு மன்னிப்பை மட்டும் தனியாகக் கேட்பது எனக்கு வசதியாக இருக்கும். உனக்கு அது நியாயமாக இருக்காது. நீ தமிழை மெதுவாகத்தான் வாசிப்பாய். மெதுவாகவே வாசி. மற்றவர்களும் வாசிக்கட்டும்.

இங்கே பிறந்த பிள்ளைகளும் குழுவில் இருப்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வழக்கத்தில் கலியாணத்துக்கு முன் ஒரு நல்ல நாளில், மாப்பிள்ளை வீட்டில், நகை செய்யும் பத்தரை அழைத்து ஒரு தங்கப் பவுண் காசை உருக்குவார்கள். அந்தப் பொன்னில்தான் தாலி செய்வது. உருகிய பொன்னைத் தட்டில் வைத்து, வந்திருப்பவர்களுக்கெல்லாம் காட்டுவார்கள். இதற்குத்தான் பொன்னுருக்கு என்று பெயர். யோசித்துப் பார்த்தால், ஒரு நாணயம் நாணயமாக இல்லாமற் போவதை எல்லோரும் கூடியிருந்து பார்க்கிற சடங்கு அது. நாணயங்களை இவ்வளவு நேசிக்கிற உனக்கு அதைப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று ஒருமுறைகூட நான் யோசிக்கவில்லை. எத்தனையோ புத்தகங்களில் எத்தனையோ பேருடைய மனதுக்குள் புகுந்து பார்த்தவள் நான்.

உன்னைப் பெற்றபோது எனக்கு இருபது வயது. உன்னோடு கடைக்குப் போனால் இன்றைக்கும் யாராவது அக்காவா என்று கேட்கிறார்கள். ஒரு விதத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் வளர்ந்தோம். நீ சின்னப்பிள்ளையாக இருந்தபோது என் மடியில் படுத்துக்கொண்டு தாலிக்கொடியைக் கையில் எடுத்துப் பார்ப்பாய். எங்கள் கொடிகளில் தாலிக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு பவுண் கோத்திருக்கும். ஒருநாள், "அம்மா, குதிரையிலை இருக்கிறது ஆர்?" என்று கேட்டாய். எந்தக் குதிரை என்று நான் கேட்டேன். உண்மையாகவே எனக்குத் தெரியவில்லை. கழுத்தில் இத்தனை வருடமாக ஒரு மனிதன் குதிரையில் ஏறி, காலடியில் ஒரு பெரிய பிராணியை வெட்டிக்கொண்டிருந்திருக்கிறான். நான் ஒருநாளும் அவனைப் பார்க்கவில்லை. "ஆரோ ஒரு ராசா, படு" என்று சொல்லிவிட்டேன். நீ படுக்கவில்லை. பூதக்கண்ணாடி ஒன்றைத் தேடி எடுத்துவந்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாய். உன் நாணயப் பைத்தியம் அன்றைக்குத் தொடங்கியது என்று இப்போது நினைக்கிறேன். பிறகு உன் அப்பா தவறிப்போனார், கொடி வங்கிப் பெட்டகத்துக்குப் போனது. நீ அமெரிக்க வெள்ளி நாணயங்களுக்குப் போனாய்.

ஸ்காபரோவில் எங்கள் சின்னக் குசினி மேசையில் கறுப்புத் துணி விரித்து அவற்றை அடுக்குவாய். "முகத்தைத் தொடாதேங்கோ அம்மா, விளிம்பிலை பிடியுங்கோ" என்று எனக்குச் சட்டம் போடுவாய். அரை டொலரில் கொடியைப் போர்த்திக்கொண்டு சூரியனை நோக்கி நடக்கிற பெண்ணைக் காட்டி, "பாவாடை எந்தப் பக்கம் பறக்குது பாருங்கோ, காத்து அடிக்குது" என்பாய். பத்துச் சதத்தில் தொப்பிக்குச் சிறகு வைத்த பெண்ணைச் சனங்கள் ஆண் தெய்வம் என்று நினைத்துவிட்டதைச் சொல்லிச் சிரிப்பாய். பெரிய டொலரில் இருப்பவள் தலையில் பூ வைத்திருக்கிறாள் என்று நான் சொன்னபோது, அது பூ இல்லை, பருத்தியும் கோதுமையும் என்று திருத்தினாய். மேடாக இருக்கும் இடம்தான் முதலில் தேயும், முழங்கால், மார்பு, நெற்றி, பிறகுதான் மற்றது என்றாய். நான் விரலைப் புத்தகத்துக்குள் அடையாளமாக வைத்துக்கொண்டு, "வடிவாயிருக்கு" என்று சொல்வேன். எதைக் காட்டினாலும் அதே சொல்தான். ஒருநாள் துணியில் வேறொன்றை வைத்து, "இது எப்பிடி?" என்று கேட்டாய். "வடிவாயிருக்கு" என்றேன். "அம்மா, உது கீழ லோண்டரி மெசினுக்குப் போடுற ரோக்கன்" என்றாய். இரண்டு பேரும் வயிறு நோகச் சிரித்தோம். நீ சிரித்துக்கொண்டே துணியைச் சுருட்டினாய். அதற்குப் பிறகு நீ எனக்குக் காட்டுவது குறைந்தது. வளர்கிற பிள்ளைதானே என்று நினைத்தேன்.

அந்த நாட்களில் மாமா ஒருமுறை வந்தவர், உன் அல்பத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, "உவன் வெள்ளியிலை முதலிடுறானோ? கெட்டிக்காரன்" என்றார். ஓம் அண்ணை என்று நானும் சொன்னேன். நீ அறைக்குள் இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாய். வேறு பிள்ளைகள் மருத்துவம், பொறியியல் என்று படிக்கும்போது என் மகன் தேய்ந்த காசில் ஒரு பெண்ணின் பாவாடை மடிப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. நான் மட்டும் கதைப்புத்தகம் வாசிக்கலாம், அது அறிவு. நீ பார்ப்பதற்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. அந்தச் சின்னப் பொய்யை நீ திருத்தவில்லை. நான் பொய் சொன்னால் நீ காப்பாற்றுவாய் என்று எனக்கு அன்றைக்கே பழகிவிட்டது.

இப்போது பொன்னுருக்குக்கு வருகிறேன். எங்கள் அப்பார்ட்மென்றில் நெருப்பைக் கண்டாலே அலாரம் அடிக்கும் என்று ஸ்ரௌவ்வில்லில் மாமா வீட்டுக் கராஜில் வைப்பதாக முடிவானது. உருக்குகிற பவுணாக என் கொடியில் இருந்த ஒன்றைக் கொடுக்க எனக்கு ஆசை, நீ முதன்முதல் பார்த்த அந்தக் குதிரைக்காரனை. மாமியிடம் சொன்னேன். அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார், கை நின்றது.

"மச்சாள், நான் சொல்லுறன் எண்டு குறை நினையாதை. அந்தக் கொடியிலை இருந்து வேண்டாம்."

"ஏன் மச்சாள்?"

"ஏனெண்டு உனக்குத் தெரியும் தானே. பிள்ளையள் நல்லா இருக்க வேணும். நாங்கள் புதுசு ஒண்டு வாங்குவம். நான் வாங்கித் தாறன்."

அவர் என்னைப் புண்படுத்த நினைக்கவில்லை. அதனால்தான் எனக்கு இன்னும் நொந்தது. அன்றைக்கு விளக்கேற்றுவது மாமி, பத்தருக்குத் தட்டுக் கொடுப்பது மாமி, ஆலாத்தி எடுப்பது மாமியும் இன்னொருவரும். நான் தேத்தண்ணி ஊற்றலாம். என் பிள்ளையின் தாலியில் என்னுடையது ஒன்றும் இருக்கக்கூடாது என்றால், உன்னுடையது இருக்கட்டும் என்று எனக்குத் தோன்றியது. பொன்னோடு துளி வெள்ளி சேர்ப்பது பத்தர்களுக்குப் புதிதில்லை. சின்ன வயதிலிருந்து நீ சேர்த்த வெள்ளியில் ஒரு துளி உன் மனைவியின் தாலியில்! அந்த யோசனை வந்தபோது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லத்தான் வேண்டும். நல்ல கதை ஒன்றின் கடைசிப் பக்கம் போல அது இருந்தது. எனக்குப் பிடித்த அழகு அதுதான். உன் அழகு எது என்று நான் பார்க்கவில்லை. உன்னிடம் கேட்கவும் இல்லை. கேட்டால் அதிசயம் போய்விடுமே.

நீ வேலைக்குப் போயிருந்தபோது உன் அறைக்குள் போனேன். அல்பங்களில் எல்லாம் ஆண்டுத் திகதிப்படி ஒழுங்காக இருந்தன. அவற்றைத் தொட எனக்கும் பயம். மேசை இழுப்பறையில் ஒன்று தனியே, சதுர மட்டைக்குள் இருந்தது. கால் டொலர். கறுத்து, மழமழவென்று தேய்ந்து, திகதியே இல்லாமல். தனியே கிடந்ததால் கழித்து வைத்ததாக்கும் என்று நினைத்தேன். என் மகனை நான் அவ்வளவுதான் அறிந்திருந்தேன்.

அன்றைக்கு நடந்தது உனக்குத் தெரியும். ஆனால் வீடியோவில் வெட்டி எடுக்கப்பட்டவை சில உண்டு, அவற்றை எழுதுகிறேன். நீ வேட்டி கட்டிக்கொண்டு வெற்றிலையில் பவுணை வைத்துப் பத்தரிடம் கொடுத்தாய். அப்போது நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து மடித்த கையை விரித்தேன். பத்தர் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "அக்கா, இது முழுக்கப் போட்டால் பொன்னின்ரை மாத்துக் குறைஞ்சிடும். ஒரு நறுக்கு மட்டும் காணும்" என்றார். கத்தரியை எடுத்துக்கொண்டு, "எந்தப் பக்கத்தாலை வெட்ட?" என்று கேட்டார். நான் சிரித்துக்கொண்டு, "எந்தப் பக்கமெண்டாலும் ஒண்டுதான்" என்றேன். நீ ஒரு அடி முன்னுக்கு வந்தாய். வாய் திறந்தாய். அதற்குள் கத்தரி மூடிவிட்டது. வெள்ளி வெட்டுப்படும்போது ஒரு சத்தம் வரும் என்று நான் நினைத்திருக்கவில்லை, கடினமான பாக்கை வெட்டுவது போல.

மாமிதான் முதலில் கேட்டார். "ஆரின்ரை யோசினை உது? உப்பிடி ஒரு முறை நான் கண்டதில்லை." குரலில் கோபம் இல்லை, பயம். வந்திருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். கொடியைப் பெட்டகத்தில் வைத்துவிட்டு இருப்பவள், அபசகுனமாக எதையோ செய்துவிட்டாள் என்று அந்தப் பார்வைகள் சொன்னதாக எனக்குப் பட்டது. நான் சொன்னேன், "அவன்தான் ஆசைப்பட்டவன் மச்சாள். தன்ரை வெள்ளி ஒரு துளி சங்கவியின்ரை தாலியிலை இருக்க வேணுமெண்டு." மாமா உன் தோளைத் தட்டினார். "அப்பிடியோ மருமகன்?" நீ என்னைப் பார்த்தாய். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நான் இப்படி எழுதிக்கொண்டிருக்கமாட்டேன். "ஓம் மாமா" என்றாய். மாமி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். எல்லோர் முகமும் இளகியது. பொன்னும் வெள்ளியும் அங்கே ஒன்றாக உருகின. நான் தேத்தண்ணி ஊற்றப் போனேன், பெருமையோடு.

இரண்டு நாள் கழித்து நீ அல்பங்களை எல்லாம் பெட்டியில் கட்டி, நீங்கள் இருவரும் குடிபோகப்போகிற வீட்டுக்குக் கொண்டுபோனாய். கலியாணத்துக்குப் பிறகு எப்படியும் கொண்டுபோக வேண்டியவைதானே என்றாய். நான் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாய். சாப்பிட்டாய். "பரவாயில்லை அம்மா" என்றுகூடச் சொன்னாய், நான் ஒன்றும் கேட்காமலே. அப்போதுதான் சங்கவிக்கு போன் எடுத்தேன்.

"அன்ரி, கோவிக்காதேங்கோ. அவருக்கு உங்களிலை கோவம் இல்லை. ஆனா அந்த கொயின்... யூ நோ, அது அவர் தன்ரை காசிலை வாங்கின முதல் கொயின். மார்க்கற்றிலை பழைய சாமான் விக்கிற ஒரு ஆள், டேட் இல்லாததை ஏன் எடுக்கிறாய், வேறை தாறன் எண்டவராம். இவர் மாட்டன் எண்டிட்டார்."

"ஏன் பிள்ளை? என்ன இருக்கு அதிலை?"

"அவர் எனக்கு முதல் முதல் காட்டினது அதுதான். 'திஸ் இஸ் மை மொம்' எண்டார். கொயினிலை இருக்கிறவ வாசலிலை நிண்டு, ஒரு கையிலை கேடயத்தைப் பிடிச்சுக்கொண்டு, மற்றக் கையிலை இலை குடுக்கிறா. ஆர் பெல் அடிச்சாலும் நீங்கள் அப்பிடித்தானாம் கதவு திறக்கிறனீங்கள், பாதி உள்ளுக்கை நிண்டுகொண்டு. அதோடை, டேட் இல்லைத்தானே, வயசும் சொல்லமாட்டாவாம்." அவள் சிரித்தாள். பிறகு நான் சிரிக்கவில்லை என்று கண்டு நிறுத்திவிட்டாள்.

பத்தர் வெற்றிலையில் மடித்துத் தந்த மிச்சத் துண்டு என் கைப்பையிலேயே கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். விளிம்பில் பிடித்துக்கொண்டு, வெளிச்சத்தைச் சாய்த்து, நீ சொன்னபடி. தம்பி, அதில் நிற்கிறவள் எவ்வளவு வடிவு. இந்தச் சொல்லை முதல் தடவையாக உண்மையாகச் சொல்கிறேன். மதிலில் இரண்டு தூண்களுக்கு நடுவே நிற்கிறாள். முகம் தேய்ந்து போயிருக்கிறது, ஆனால் எங்கேயோ பார்ப்பது தெரிகிறது. கேடயத்தை மறைப்பதற்கா விலக்குவதற்கா பிடித்திருக்கிறாள் என்று சொல்ல முடியவில்லை. கீழே படியும் பாதங்களும் இல்லை. அங்கேதான் கத்தரி போனது. நாணயத்தின் மறுபக்கம் தலைகீழாக அடிக்கப்பட்டிருப்பதால் அதே வெட்டு மேலே பறக்கிற கழுகின் சிறகு நுனியையும் எடுத்துவிட்டது. திகதி இருந்த இடம் அந்தப் படிதான் என்று பிறகு நூலகத்தில் ஒரு புத்தகத்தில் வாசித்தேன். அதை மிகவும் மேடாக அடித்துவிட்டார்கள். அதனால் எல்லோருடைய விரலிலும் பட்டு முதலில் அது போனது. சில வருடத்துக்குப் பிறகுதான் தங்கள் பிழையைக் கண்டு, திகதியைப் பள்ளத்தில் இறக்கினார்கள். புத்தகத்தில் வாசித்தால்தான் எனக்கு விளங்கும். நீ மேசையில் வைத்துச் சொன்னபோது விளங்கியிருக்க வேண்டும்.

உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இப்போது இல்லை. இருந்தாலும் கலியாணம் செய்யப்போகிற பிள்ளைக்கு ஒன்று சொல்ல மனம் வருகிறது. சங்கவி உனக்கு எதையாவது காட்டினால், அவள் அதைக் கீழே வைக்கும் வரைக்கும் பார். வடிவாயிருக்கு என்று சொல்ல அவசரப்படாதே. அவளைச் சந்தோஷப்படுத்த ஒரு நல்ல யோசனை வந்து, அதை எண்ணி உனக்கே கண் கலங்கினால், அந்த இடத்தில் நின்று அவளிடம் கேள். உன் பொய்க்கு அவள் ஓம் போட்டால் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதே. இவை எல்லாவற்றையும் நீ ஏற்கனவே அறிந்தவன் என்பதும் எனக்குத் தெரியும்.

நேற்று யூனியன்வில்லிலிருந்து சங்கவியின் அம்மா போன் எடுத்தார். கலியாண வரவேற்பு அன்று மேடையில் நான் இந்த வெள்ளித் துளியின் கதையைச் சொல்ல வேண்டுமாம். வீடியோக்காரரிடம் பேசிவிட்டாராம், வெட்டுப்பட்ட காசைப் பெரிய திரையில் காட்டுவார்களாம். "அக்கா, நீங்கள் நல்லா வாசிக்கிற ஆள், வடிவாச் சொல்லுவியள்" என்றார். இன்னும் ஒருமுறை, இன்னும் பெரிய மண்டபத்தில், நீ எழுந்து நின்று எனக்காக ஓம் என்று சொல்லவேண்டி வரும் என்பது மட்டும் கண்ணில் தெரிந்தது. சொல்லிவிட்டேன். "அது அவன்ரை விருப்பமில்லை அக்கா. நான் அவனைக் கேளாமல் எடுத்தது. அவன்ரை விருப்பமெண்டு பொய் சொன்னனான்." அவர், "அப்ப நான் வீடியோக்காரருக்கு என்னத்தைச் சொல்லுறது?" என்றார். ஒன்றும் இல்லை என்று சொல்லுங்கோ என்றேன். இனி மாமிக்கும் தெரியும், எல்லோருக்கும் தெரியும். மச்சாள், உங்களுக்குப் பயந்துதான் பொய் சொன்னேன் என்று பழியை உங்கள்மேல் போடமாட்டேன். நான் என் பெருமைக்காகத்தான் சொன்னேன்.

பத்தரோடும் கதைத்தேன். அந்தப் பொன் இன்னும் அவரிடம் கட்டியாகத்தான் இருக்கிறது, தாலி வேலை தொடங்கவில்லை. பொறுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். உன் வெள்ளி கலந்த அந்தப் பொன்னிலேயே செய்யலாம். அல்லது அதை வைத்துவிட்டு வேறு பவுண் எடுத்து இன்னொரு நல்ல நாள் பார்க்கலாம். இரண்டாம் தரம் உருக்குவது முறையில்லை என்று யாராவது சொன்னால், அவர்கள் என்னோடு பேசட்டும். எனக்கு இதில் எது விருப்பம் என்று எழுதி எழுதி அழித்துவிட்டேன். என் விருப்பம் தெரிந்தால் நீ அதற்கும் ஓம் என்று சொல்லிவிடுவாய்.

ஆகவே உன்னிடம் கேட்கிறேன், தம்பி. உன்னிடமும் சங்கவியிடமும். அந்தப் பொன்னை என்ன செய்வது?